பஞ்சமும் பயணமும்: நம் நாட்டில் உணவு உதவி நடந்து வந்த பாதை

நாலடியார் பிறந்த கதையை நம்மில் பலரும் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்போம். எங்கோ பஞ்சம் வந்தது. எண்ணாயிரம் சமண முனிவர்கள் பாண்டிய நாட்டுக்கு வந்து தங்கினார்கள். பஞ்சம் தீர்ந்ததும் ஊர் திரும்ப விடை கேட்டார்கள், மன்னன் கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு பாட்டை ஏட்டில் எழுதி வைத்துவிட்டு இரவோடிரவாகப் புறப்பட்டுப் போனார்கள். கோபம் கொண்ட மன்னன் ஏடுகளை வைகையில் எறியச் சொல்ல, வெள்ளத்தை எதிர்த்து வந்தவை நானூறு. ஏடு ஆற்றை எதிர்த்து வந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் சோறு கிடைக்கும் திசை பார்த்து ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள் என்பதை நம்ப எந்தத் தடையும் இல்லை. அப்படி நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம் எல்லோரும்?

சிரவணபெளகொளாவில் சந்திரகிரி மலைமேல் கி.பி. 600 அளவில் வெட்டிய கல்வெட்டு ஒன்று உண்டு. உஜ்ஜயினியில் இருந்த பத்திரபாகு முனிவர் பன்னிரண்டு ஆண்டுத் துன்பகாலம் வரப்போவதை முன்னரே அறிந்து சொன்னார் என்றும், சங்கம் முழுவதும் வடநாட்டிலிருந்து தென்னாட்டுக்குப் புறப்பட்டது என்றும் அது கூறுகிறது. எந்தப் பத்திரபாகு, எந்த நூற்றாண்டு என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எப்படியும் எங்கள் சமயத்தின் தென்னாட்டு வரலாறு ஒரு பஞ்சத்தில்தான் தொடங்குகிறது.

'எங்கள்' என்று சொன்னேன். நான் தமிழ்ச் சைனன், வந்தவாசிப் பக்கம். எங்கள் ஊர்ப்புறத்தில் எங்களை நயினார் என்பார்கள். மும்பையில் இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் குழப்பம்தான். குஜராத்தி வியாபாரிகள், "மதராஸி என்கிறீர், ஜைன் என்கிறீர், அதெப்படி?" என்பார்கள். நம் தமிழர்களோ ஜெயின் என்றதும் மார்வாடி என்று நினைத்துக்கொண்டு, "தமிழ் நல்லா பேசறீங்களே சேட்" என்பார்கள். பழைய எஸ்.எஸ்.எல்.சி.யோடு 1979-இல் மாதுங்காவில் என் தாய்மாமன் அரிசிக்கடைக்கு வந்தவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கடையில் கூட்டம் ஓய்ந்த மத்தியான நேரத்தில் படித்த படிப்புதான் என்னுடையது. அரிசி விற்பவனுக்குப் பஞ்சத்தின் வரலாற்றைப் படிக்கத் தோன்றியதில் வியப்பில்லை. விலை ஏறும்போது எங்கள் முகத்தைத்தானே முதலில் பார்க்கிறார்கள்!

படிக்கப் படிக்க ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பசி வந்தால் மனிதன் ஊரை விட்டு நடக்கிறான். உதவி செய்பவர்களோ, அரசனானாலும் கம்பெனியானாலும் நம் சர்க்காரானாலும், அவன் வீட்டிலேயே இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே தானியத்தைக் கட்டி வைத்தார்கள். நடக்கிறவனைத் தானியம் போய்ப் பிடித்த இடங்களில் உயிர் பிழைத்தது; பிடிக்காத இடங்களில் களஞ்சியம் நிறைந்திருந்தும் மக்கள் செத்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது ஏதோ பழங்கதை இல்லை என்பதால்தான் இம்மலருக்கு இதை எழுதத் துணிந்தேன்.

களஞ்சியமும் மகமையும்

களஞ்சியம் கட்டிவைப்பது மிகப் பழைய வழக்கம். உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர் மாவட்டத்துச் சோகௌராவில் கிடைத்த சிறு செப்பேடு ஒன்று, மௌரியர் காலத்ததாகக் கருதப்படுவது, இரண்டு தானியக் களஞ்சியங்களைப் பற்றிப் பேசுகிறது. நெருக்கடி வந்தால்தான் அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பது உத்தரவு. இன்றைய வங்காளதேசத்தில் மகாஸ்தானில் 1931-இல் கிடைத்த பிராமிக் கல்வெட்டில், துன்பகாலத்தில் தானியம் கொடுத்து உதவுவதும், நல்ல காலம் வந்ததும் களஞ்சியத்தைத் திரும்ப நிரப்புவதும் சொல்லப்படுகின்றன. எடுத்தவன் திருப்பி வைக்க வேண்டும், அப்போதுதான் அடுத்தவனுக்கு இருக்கும் என்ற கணக்கு அன்றே இருந்திருக்கிறது. இன்றைக்கு உணவு வங்கி என்கிறார்களே, அந்தப் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

நம்மவர் கற்பனையில் இதே பொருள் மணிமேகலையின் அமுதசுரபியாக வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். வியாபாரிக்கு அதில் ஒரு சங்கடம்: குறையாத சரக்குக்கு இருப்புக் கணக்கு எழுத முடியாது. குறைகிற சரக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் நிஜமான கேள்வி. அதைச் செய்து காட்டியவன் கச்சு நாட்டுப் பத்ரேசுவரத்தில் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜகடூ என்ற சைன வணிகன். அவன் வரலாற்றைச் சர்வானந்தர் 'ஜகடூ சரிதம்' என்று வடமொழியில் எழுதினார். மூன்றாண்டுப் பஞ்சம் வருகிறது என்று குரு சொல்ல, ஜகடூ ஊர் ஊராகத் தானியம் வாங்கிக் களஞ்சியங்களில் அடைத்து, இது ஏழைகளுக்கானது என்று செப்பேட்டில் எழுதி உள்ளே வைத்தானாம். 1256 முதல் 1258 வரை பஞ்சம் வந்தது. குஜராத் மன்னன் வீசலதேவன் கேட்டபோது, இது என்னுடையதில்லை என்று அந்தச் செப்பேட்டைக் காட்டினானாம். பிறகு மன்னனுக்கும் கொடுத்தான். வேற்று நாட்டு அரசர்களுக்கும் அனுப்பினான். கையேந்த வெட்கப்படும் குடும்பங்களுக்கு, உள்ளே பொற்காசு வைத்த லட்டுகளை இரவில் கொடுத்தான் என்றும் நூல் சொல்கிறது. காவியம் என்றால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். ஆனால் பசித்தவனுக்கு வெட்கமும் உண்டு என்று கணக்குப் போட்ட மனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் பிற்காலத்தில் வந்த பல திட்டங்கள் அதை மறந்துவிட்டன.

ஜகடூவைப் போல எல்லோராலும் முடியுமா? சாதாரண வியாபாரிக்கு மகமை இருந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கித் தர்மத்துக்குச் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். பம்பாய் மார்க்கெட்டில் இதையே 'தர்மாதா' என்று பில்லில் தனி வரியாகப் போடுவார்கள். நான் வந்த புதிதில் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "மாமா, இது என்ன வரி, சர்க்கார் வரியா?" என்று கேட்டேன். "நம்ம ஊர் மகமைதாண்டா, இங்க பேரு வேற" என்றார். வீட்டில் பெண்கள் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப்பானையில் போட்டு வைக்கும் பிடியரிசியும் இந்த வகைதான். 1967-இல் அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் ஜான் வான் ஹெங்கல் என்பவர், கடைகளில் விற்காமல் மிஞ்சும் உணவைச் சேர்த்து ஏழைகளுக்குக் கொடுக்கும் கிடங்கு ஒன்றைத் தொடங்கினார். உணவு வங்கி என்ற பெயர் உலகெங்கும் பரவியது அதிலிருந்துதான். மிஞ்சியதைக் கொடுப்பது அவர் வழி. ஆக்குவதற்கு முன்பே எடுத்து வைப்பது நம் பாட்டிமார் வழி. இரண்டும் நல்லதே.

எங்கள் சமயத்தில் நான்கு தானங்கள் சொல்வார்கள்: உணவு, மருந்து, கல்வி, அபயம். அபயம் என்றால் அஞ்சி வந்தவனுக்கு அடைக்கலம். அதற்கென்று 'அஞ்சினான் புகலிடம்' என்றே இடம் ஒதுக்கியிருந்ததை மயிலை சீனி. வேங்கடசாமி தமது 'சமணமும் தமிழும்' நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார். உணவு தானமும் அபய தானமும் ஒன்றோடொன்று ஒட்டியவை என்பது எனக்குக் கடையில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கஞ்சித் தொட்டியும் பத்து மைலும்

சென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஹைதர் அலி காலத்துப் போரும் பஞ்சமும் சேர்ந்து கிராமத்து மக்களைச் சென்னைக்குத் துரத்தியபோது, 1782-இல் அங்கே கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். அதுவே மணியக்காரர் சத்திரமாகி, பின் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ஊர் விட்டு வந்தவர்களுக்காக எழுந்த இடம் என்பதைக் கவனிக்க வேண்டும். வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று ஏற்றிய தருமசாலை அடுப்பும் அப்படியே. யார், எந்த ஊர் என்று கேளாத அடுப்பு.

ஆனால் 1876-இல் வந்த தாது வருஷப் பஞ்சத்துக்கு எந்தச் சத்திரமும் தாங்கவில்லை. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்துத் தக்காணப் பகுதி எல்லாம் சேர்ந்து 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. எங்கள் வட ஆற்காடும் கடுமையாக அடிபட்டது. நான் சிறுவனாக இருந்தபோதும் எங்கள் வீட்டில் யாராவது சோற்றைச் சிந்தினால் கிழவிகள், "தாது வருஷம் பாத்திருந்தா தெரியும்" என்பார்கள். அவர்களே பார்த்ததில்லை, அவர்கள் பாட்டி சொன்னது!

அந்தப் பஞ்சத்தில் தானியமே இல்லையா? இருந்தது. இந்தியாவிலிருந்து கோதுமை அந்த ஆண்டுகளிலும் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்திய கையோடு சர் ரிச்சர்டு டெம்பிளைத் தெற்கே அனுப்பினார். இதே டெம்பிள் 1873-74-இல் வங்காளம், பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியைத் தாராளமாக வரவழைத்துச் சாவைத் தடுத்தவர். அதற்காகப் பாராட்டு வாங்கவில்லை, செலவாளி என்று திட்டுத்தான் வாங்கினார். அடிபட்டவர் இந்த முறை சிக்கனத்தில் இறங்கினார். நாள் முழுதும் கல்லுடைக்கும் ஆண்மகனுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணா காசு. ஒரு பவுண்டு என்றால் ஏறத்தாழ 450 கிராம். இதற்குத்தான் 'டெம்பிள் கூலி' என்று பேர். சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், இது மெல்லக் கொல்லும் கூலி என்று எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். சென்னை அரசு 1877 மே மாதத்தில் கூலியை உயர்த்தியது.

கூலியை விடக் கொடுமை என்று எனக்குப் படுவது இன்னொரு விதி. உண்மையிலேயே பசித்தவன்தான் வருகிறானா என்று சோதிக்க, வீட்டிலிருந்து பத்து மைலுக்குள் வேலை தருவதில்லை என்று வைத்தார்கள். தானாகவே நடக்கிறவனைத் தண்டனையாகவும் நடக்க வைத்தார்கள்! பம்பாய் மாகாணத்தில் கூலியைக் குறைத்துத் தொலைவான வேலைக்குப் போகச் சொன்னபோது, ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டே வெளியேறினார்கள். பட்டினி கிடந்தவர்கள் செய்த வேலைநிறுத்தம் அது. புனா சார்வஜனிக் சபா அவர்களுக்காக மனுக்கள் எழுதி அனுப்பியது. நம் சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் நகரப்பகுதி இந்தப் பஞ்ச வேலையில் வெட்டியதுதான். அந்தப் பெயருக்குரிய கவர்னர் பக்கிங்காம் கோமகன் 1877 ஆகஸ்டில் லண்டனுக்கு வேண்டுகோள் விடுத்து, 6 லட்சம் பவுனுக்கு மேல் நன்கொடை வந்தது. அதைப் பகிர்ந்தளித்த குழுவில் இருந்த வில்லியம் டிக்பி 1878-இல் இரண்டு பாகமாக எழுதிய நூலைப் படித்தால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

இதன்பின் அமைந்த பஞ்ச விசாரணைக் கமிஷன் 1880-இல் அறிக்கை கொடுத்து, 1883-இல் பஞ்சச் சட்டத்தொகுப்பு வந்தது. தானிய விலை ஏறுகிறதா, மக்கள் வழக்கத்துக்கு மாறாக இடம் விட்டு இடம் அலைகிறார்களா என்று பார்த்து, பஞ்சம் முற்றுமுன் வேலையும் கஞ்சியும் தொடங்க வேண்டும் என்றது. நடப்பதே பசியின் அடையாளம் என்று சர்க்கார் புத்தகத்தில் எழுதப்பட்டது அப்போதுதான். எழுதிய பிறகும் 1896-லும் 1899-லும் லட்சக்கணக்கில் செத்தார்கள் என்பது வேறு.

ஒரே ஆண்டு, இரண்டு நகரங்கள்

1943-ஐக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பர்மா ஜப்பானியர் கையில் போனது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. யுத்தச் செலவில் பணம் புழங்கி விலை ஏறியது. கிழக்கு வங்காளத்துப் படகுகளை எதிரி பயன்படுத்தக் கூடாதென்று அரசே அகற்றியது. கல்கத்தாவில் ஆலைத் தொழிலாளிக்கும் ஆபீஸ்காரருக்கும் மலிவு அரிசி ஏற்பாடு இருந்தது, யுத்தத்துக்கு அவர்கள் வேண்டுமே! கிராமத்திலிருந்து நடந்து வந்த கூலியாளுக்கும் மீனவனுக்கும் ஏற்பாடு இல்லை. வடித்த கஞ்சியாவது கொடுங்கள் என்று வாசல் வாசலாகக் கேட்டு நடைபாதையில் விழுந்தார்கள். ஆகஸ்டு 22 அன்று 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை படங்களை வெளியிட்ட பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. அரசு பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் 1883 தொகுப்பின்படி கொடுத்தாக வேண்டும். பின்னர் அவசரச் சட்டம் போட்டு ஆதரவற்றவர்களை நகரத்திலிருந்து அப்புறப்படுத்தினார்கள். அரசுக் கமிஷன் கணக்கில் சாவு 15 லட்சம். பிற்கால ஆய்வாளர் பலர் கணக்கில் 30 லட்சம்.

சாந்திநிகேதனில் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த அமர்த்தியா சென், வாசலுக்கு வந்தவர்களுக்கு ஒரு சிகரெட் டப்பா அளவு அரிசி கொடுக்கத் தாத்தா அனுமதித்ததை எழுதியிருக்கிறார். நம் ஊர் ஆழாக்கு மாதிரி அது ஒரு அளவு. அந்தச் சிறுவன் வளர்ந்து 1981-இல் எழுதிய நூலில், அந்த ஆண்டு வங்காளத்தில் அரிசி அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை, அதை வாங்கும் சக்தியும் உரிமையும்தான் மக்களுக்கு இல்லாமல் போயின என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

அதே 1943-இல் பம்பாய் என்ன செய்தது? நகரம் முழுவதற்கும் ரேஷன் கொண்டு வந்தது. மில் தொழிலாளி, குமாஸ்தா, மலபார் ஹில் பங்களாக்காரர், எல்லோருக்கும் கார்டு. தானியம் அரசின் கையில். அளவு தலைக்கு இவ்வளவு. அரிசி கேட்டவனுக்குக் கோதுமையும் கம்பும் கிடைத்தன, தரத்தைப் பற்றிப் புலம்பல் ஓயவில்லை. ஆனால் வங்காளம் கண்டதை பம்பாய்த் தெரு காணவில்லை. கல்கத்தாவுக்கு ரேஷன் வந்தது 1944 தொடக்கத்தில், எல்லாம் முடிந்த பிறகு.

இங்கேதான் அபய தானம் வருகிறது. வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன்: விலையை ஏற்றுவது சரக்குக் குறைவு மட்டுமே என்று நினைக்க வேண்டாம், பயமும் ஏற்றும். நாளைக்குக் கிடைக்காது என்று பயந்தால் வாங்குகிறவன் இரண்டு மூட்டை கேட்கிறான், விற்கிறவன் கதவைச் சாத்துகிறான். (எங்கள் இனத்தில் கதவைச் சாத்தியவர்கள் உண்டு, அவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.) மாதம் பிறந்தால் இவ்வளவு கிடைக்கும் என்று உறுதியானால் அந்தப் பயம் போய்விடும், கள்ள மார்க்கெட்டும் இறங்கும். ரேஷன் வாங்காதவனுக்கும் ரேஷனால் பலன் உண்டு என்பது இப்படித்தான்.

கார்டு என்னும் சொத்து

விடுதலைக்குப் பின் கட்டுப்பாடு எடுத்தார்கள், போட்டார்கள். 1952-இல் சென்னையில் ராஜாஜி எடுத்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். சி.சுப்பிரமணியம் உணவு மந்திரியாக இருந்தபோது 1965-இல் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில், ஜனவரி 14 அன்று, பொங்கலையொட்டித் திறக்கப்பட்டது. பஞ்சாபில் கொள்முதல் செய்து பம்பாயில் கொடுக்கும் ஏற்பாடு வந்ததால், தானியம் கடைசியில் நடக்கக் கற்றுக்கொண்டது. 1972-73-இல் மகாராஷ்டிரத்தை வறட்சி தாக்கியபோது, உச்சத்தில் 50 லட்சம் பேர் அளவுக்கு நிவாரண வேலையில் இருந்தார்கள். ரேஷனில் மிலோ என்கிற அமெரிக்கச் சிவப்புச் சோளம் வந்தது. அதன் நிறத்தைச் சொல்லி இன்றைக்கும் முகம் சுளிக்கும் மராட்டியக் கிழவர்கள் உண்டு. முகம் சுளிக்க அவர்கள் பிழைத்திருக்கிறார்கள். அதில் விளைந்த வேலை உறுதித் திட்டம் 1977-இல் இம்மாநிலச் சட்டமாகியது.

தானியம் நடந்தது, சரி. கார்டு நடக்கவில்லை. நான் 1979-இல் வந்தபோது இங்கே கார்டில் பேர் சேர்க்க, ஊரில் பேர் நீக்கிய சான்று வேண்டும் என்றார்கள். அதற்காக ஊருக்குப் போய், ஒரு தாலுகா அலுவலகத்து வராந்தாவில் நான் உட்கார்ந்த நாட்களை எண்ணினால், அந்தக் கூலிக்கு இரண்டு வருஷ ரேஷன் அரிசி வாங்கியிருக்கலாம். நீக்கிய பேர் இங்கே ஏறும்வரை நான் எந்த ஊர்க்காரனும் இல்லை. தாராவியில், சயான் கோலிவாடாவில் நம் சனங்களைக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். 1995 ஜனவரி 1-க்கு முன் குடிசையில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கத் தொடங்கிய பிறகு, அரிசி வாங்காதவர்கள்கூடக் கார்டைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினார்கள். வீடே அந்தக் காகிதத்தில் இருந்தது.

1997-இல் வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று ரேஷனைப் பிரித்தார்கள். இம்மாநிலத்தில் 1999 மே மாதத்திலிருந்து மூன்று நிறக் கார்டு: ஆண்டு வருமானம் 15,000 ரூபாய்வரை மஞ்சள், ஒரு லட்சம்வரை காவி, அதற்கு மேல் வெள்ளை. மும்பையில் வருஷத்துக்கு 15,000 ரூபாயில் யார் குடும்பம் நடத்தினார்கள் என்று தெரியவில்லை. சால் வீட்டில் ஆறு பேரோடு இருந்தவருக்கும் மஞ்சள் கிடைக்கவில்லை. தமிழ்நாடு மட்டும் எல்லோருக்கும் என்ற கொள்கையை விடவில்லை. ஜகடூ லட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய மானத்தை, எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதால் அது காப்பாற்றியது என்பது என் துணிபு.

2001-இல் கிடங்குகளில் சுமார் 6 கோடி டன் தானியம் குவிந்திருக்க, ராஜஸ்தானில் பட்டினி. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. காமராசரும் எம்.ஜி.ஆரும் போட்ட அடுப்பு நாடு முழுக்கப் போனது அப்படித்தான். 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உரிமை என்றது. 2023 ஜனவரியிலிருந்து அது இலவசம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 25 கிலோ. மாதத் தேவையில் பாதி, கொஞ்சம் மேலே. போதாது என்பார்கள், ஆனால் என் கடைப் பேரேட்டில் நான் பார்த்தது வேறு. மாதம் 20 கிலோ அரிசி மட்டும் வாங்கிய வாடிக்கைக்காரர்கள் அரிசியைக் குறைத்துத் துவரம் பருப்பும் எண்ணெயும் வாங்கத் தொடங்கினார்கள். அரிசியில் எனக்குப் போன லாபம் பருப்பில் வந்தது என்பதை மறைப்பானேன்?

2020 மார்ச் 25-இல் நாடு பூட்டப்பட்டபோது உணவுக் கழகக் கிடங்குகளில் குறைவில்லை; ஜூன் அளவில் 7 கோடி டன்னுக்கு மேல் இருந்தது. கார்டு உள்ளவர்களுக்குக் கூடுதல் 5 கிலோவும் ஏப்ரலிலிருந்து வந்தது. நாங்கள் சிலர் ஒரு கல்யாண மண்டபத்தில் அடுப்பு மூட்டினோம். முதல் நாள் 300 பொட்டலம். நான்காம் நாள் 1,100. நம் ஆட்கள், மராட்டியர், பீகாரிகள், யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஜரி வேலை செய்யும் பையன் ஒருவன் தினமும் வருவான். "தம்பி, ரேஷன் கடையில் அரிசி கொடுக்கிறாங்களே, வாங்கலியா?" என்று இந்தியில் கேட்டேன். "கார்ட் தோ காவ்ன் மே ஹை, சேட்" என்றான். தர்பங்காவில் அவன் பேருக்கு 10 கிலோ எழுதியிருந்தது. மும்பையில் அவன் கையில் ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சோறு. மே மாதம் ஒரு நாள் முதல் வரவில்லை. நடந்தானோ, ரயில் கிடைத்ததோ.

எங்கள் அடுப்பு 47 நாள் எரிந்தது. குருத்வாராக்கள் எங்களைப்போல் நூறு மடங்கு செய்தன. இருந்தாலும் கணக்கைப் பாருங்கள்: 81 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ என்றால் 40 லட்சம் டன். இதை எந்தப் பிடியரிசியாலும் எந்த உணவு வங்கியாலும் கொடுக்க முடியாது, சர்க்காரால்தான் முடியும். அதே சமயம், கார்டு இல்லாதவனுக்கு முதல் நாளே சோறு போடச் சர்க்காரால் முடியவில்லை. கார்டில்லாத 8 கோடிப் புலம்பெயர்ந்தோருக்கென்று 8 லட்சம் டன் ஒதுக்கும் அறிவிப்பு வர மே மாதம் ஆயிற்று. அதிலும் கைக்குப் போய்ச் சேர்ந்தது பாதியை எட்டவில்லை.

எந்த ஊர்க் கார்டுக்கும் எந்த ஊரிலும் தானியம் என்ற திட்டம் 2019 ஆகஸ்டில் இரண்டு இரண்டு மாநிலமாகத் தொடங்கியிருந்தது. குஜராத்தும் மகாராஷ்டிரமும் முதல் ஜோடிகளில் ஒன்று. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எல்லா மாநிலமும் சேர வேண்டும் என்று 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. கடைசியாக அசாம் 2022 ஜூனில் சேர்ந்தது. இதன்படி குடும்பம் ஊரில் பாதியும் இங்கே பாதியுமாக இருந்தால், இங்கே உள்ளவர் தன் பங்கை இங்கேயும், ஊரில் உள்ளவர் அங்கேயும் வாங்கலாம். கார்டைக் கொண்டுவர வேண்டியதில்லை. எண்ணும் ஆதாரும் கைரேகையும் போதும். நம் சனங்களில் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கிடைப்பது மத்திய சட்டத்தின் கீழ் உள்ள அரிசி, கோதுமை மட்டும், அதுவும் கார்டு அந்தச் சட்டத்தின் கீழ் வந்தால்தான். தமிழ்நாடு தன் செலவில் தரும் பருப்பும் பாமாயிலும் எல்லை தாண்டி வராது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த அம்மாக்களின் விரலை இயந்திரம் ஏற்பதில்லை என்ற தொல்லையும் இருக்கிறது. அப்போது வீட்டில் இன்னொருவர் விரலை வைக்கலாம்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு பழைய எண் கிடக்கிறது. சட்டத்தின் பயனாளிகள் எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மாநிலவாரியாக நிர்ணயித்தது. மகாராஷ்டிரத்துக்குச் சுமார் 7 கோடி. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்காததால் அந்த உச்சவரம்பு அப்படியே நின்றது. பங்கு நிரம்பிய இடத்தில், புதிதாகப் பிறந்த குழந்தையின் பேரையோ மணமாகி வந்த மருமகளின் பேரையோ சேர்க்க வேண்டுமானால், எங்காவது ஒரு பேர் நீங்கும்வரை காத்திருக்க வேண்டும்.